வேலூர்க் கோடையில் வெளியே கிளம்புவது: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு காட்பாடியில். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம், ஓசூரிலிருந்து அக்கா குடும்பம், கூடப் படித்தவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எங்கே போவது, எப்போது கிளம்புவது என்று திட்டம் போடும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம்தான். போனில் வரும் சந்தேகங்களோ வருடா வருடம் அதே சந்தேகங்கள். அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன். பழைய வட ஆற்காடு எல்லையை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். இன்றைய கணக்கில் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டம்.

மே மாசம் வேலூர்ல வெளியே தலைகாட்ட முடியுமா? வெயிலூர்னு சொல்றாங்களே?

முடியும். ஆனால் வெயிலூர் என்று சொல்வதும் சரிதான். ஏப்ரல் கடைசியிலிருந்தே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து கொஞ்சம் ஆற்றிவிடும். நாம் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறோம், அந்தக் காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊரைச் சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள் வேறு. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டிருக்கும்.

இத்தனை வருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த ஊரில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். காலை 11 மணிக்கு நரகமாக இருக்கும் அதே இடம், சாயங்காலம் 6 மணிக்கு எழுந்து வர மனசில்லாத இடமாகிவிடும்.

சரி, எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

மே மாதத்தில் இங்கே காலை 5.45 வாக்கில் சூரியன் உதிக்கிறது, மாலை 6.30 வாக்கில் மறைகிறது. காலையில் போவதென்றால் 5.30க்குக் கிளம்பி 9.30க்குள் ஏதாவது கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள். மாலை என்றால் 4.30க்கு முன்னால் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். நடுவில் இருக்கும் நேரம் மோர் சாதம் சாப்பிட்டுத் தூங்குவதற்கு.

ஒரு வருடம் இதை நானே மீறினேன். சென்னையிலிருந்து வந்த அத்தையை, ரயில் இறங்கிய கையோடு காலை 11 மணிக்குக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். வாசலிலிருந்து உள்ளே நடந்த கொஞ்ச தூரத்திலேயே அவருக்குக் கண் இருட்டிவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோவில் ஏற்ற முடிந்தது. அன்றிலிருந்து யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த நேரக் கணக்கை நான் விடுவதில்லை.

அக்னி நட்சத்திரத்துல வெளியூர் கிளம்பக் கூடாதாமே?

நல்ல காரியம் தொடங்குவதைத்தான் பெரியவர்கள் தள்ளிப்போடுவார்கள். ஊர் சுற்றுவதற்கு அப்படி ஒரு தடையும் நான் கேள்விப்பட்டதில்லை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அந்த நாட்களில், முந்தைய பதிலில் சொன்ன நேரத்தை இன்னும் கறாராகப் பின்பற்றினால் போதும்.

கோட்டையில அப்படி என்ன இருக்கு? பசங்களுக்குப் போர் அடிக்காதா?

வெறும் சுவரைக் காட்டினால் அடிக்கும். கதையோடு காட்டினால் அடிக்காது. 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில் கட்டிய கோட்டை இது. சுமார் 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. ஒரே கோட்டைக்குள் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கேதான் காவலில் வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசரையும் இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று, விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்ததும் இதே இடத்தில். புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு என்று கட்டளை போட்டதில் மூண்ட கோபம் அது. 1857க்கு 51 வருடம் முன்னால் என்று சொன்னால், பள்ளியில் படித்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்கான நினைவுத்தூண் மக்கான் பக்கத்தில் இருக்கிறது, போகும் வழியில் காட்டுங்கள்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு குதிரையோ யாளியோ பாய்ந்துகொண்டிருக்கும். எத்தனை யாளி என்று எண்ணச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் உங்களைத் தேடவே மாட்டார்கள். பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் ஊரார் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடியும் வழிபாடு தொடங்கியது. அந்த நாளை நேரில் பார்த்த தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களையே கதை சொல்ல வையுங்கள். நான் சொல்வதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது பகல் நேரத்து இடம் என்பதால், காலைக் கோட்டை நடையின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறும்போது கூரைக்குக் கீழே இருப்பீர்கள். மாலையில் வந்தால் கோயிலை முடித்துக்கொண்டு வெளியே அகழியோரமாக வந்து உட்காருங்கள். கருங்கல்லில் உட்கார்ந்தால் ஏழு மணிக்கும் சுடும், அதனால் புல்லாகப் பார்த்து உட்காருவது நல்லது. வெளிச்சம் மங்க மங்க அகழித் தண்ணீரில் மதில் சுவரின் நிழல் கலங்கிக் கலங்கி நிற்கும். பக்கத்திலேயே மசாலாப் பொரி, சுண்டல், மாங்காய்க் கீற்று எல்லாம் வரும். எனக்கு இந்த ஊரில் பிடித்த ஒரு மணி நேரம் என்றால் அதுதான்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் பகல்ல போகலாமா, ராத்திரியா?

விளக்கு போட்ட பிறகு பார்ப்பதுதான் அழகு. தங்கத் தகட்டில் அந்த ஒளி விழுவதைச் சுற்றியுள்ள தண்ணீரிலும் பார்க்கலாம். 2007இல் குடமுழுக்கு நடந்த கோயில். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், திருமலைக்கோடியில் இருக்கிறது. நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும், போகவர ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கும். அதனால் மாலை 5 மணிக்காவது உள்ளே நுழைந்துவிடுங்கள். ஏழு மணிக்குப் போய் நின்றுகொண்டு அவசரப்படுவதில் பயனில்லை.

செல்போன், கேமரா உள்ளே விட மாட்டார்கள். அரைக்கால் சட்டை, லுங்கி கூடாது. கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை என்பதால், எந்த இடத்தில் சேர வேண்டும் என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஏலகிரி குளுகுளுன்னு இருக்குமா? ஊட்டி மாதிரியா?

ஊட்டியை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். வேலூரைவிட ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால், ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே 41 என்றால் அங்கே 35. மதியம் மலைமேலும் வெயில் சுடத்தான் செய்யும். மாலை 5 மணிக்கு மேல்தான் ஏலகிரி ஏலகிரியாகிறது. இரவு மின்விசிறியைக் குறைத்து வைத்துத் தூங்கலாம், விடிகாலையில் போர்வை தேடுவீர்கள். அதனால் காலையில் போய் மாலையில் இறங்குவதைவிட, மதியத்துக்கு மேல் ஏறி ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை 10 மணிக்கு இறங்குவதே நல்லது.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்லும் வேலையைப் பின்சீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், வாந்தி ஞாபகமே வராது. இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் கருகிய வாடை அடிக்கும், அது ஆபத்து. மேலே அத்தனாவூரைச் சுற்றி நடப்பதும், புங்கனூர் ஏரியில் படகும் போதுமான பொழுதுபோக்கு. சனி, ஞாயிறு என்றால் பெங்களூரும் சென்னையும் சேர்ந்து வந்து இறங்கிவிடும். முடிந்தால் செவ்வாய், புதனில் வாருங்கள். பலாப்பழ காலம் என்பதால் வழியில் சுளை வாங்கிச் சாப்பிட மறக்க வேண்டாம்.

அருவி எங்கேயாவது இருக்கா? குளிச்சே ஆகணும்னு பசங்க அடம் பிடிக்குதுங்க.

ஜலகாம்பாறை, அமிர்தி, ஜவ்வாதுமலை பீமன் அருவி என்று பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இவை எல்லாமே மழையை நம்பிய அருவிகள். மே மாதம் போனால் பாறையும் ஒரு நூலளவு தண்ணீரும்தான் இருக்கும். அக்டோபருக்கு மேல் மழை பெய்த பிறகு வாருங்கள். அமிர்தியை மட்டும் அருவிக்காக இல்லாமல் காட்டு நிழலுக்காகப் போகலாம். ஊரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாதுமலை அடிவாரம், சின்ன விலங்குப் பூங்கா. வாரவிடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, காலையில் திறந்ததும் போனால் மானும் மயிலும் நடமாடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அருவி இல்லை என்றதும் பிள்ளைகளின் கண் கல்குவாரிக் குட்டைக்கும், ஏரிக்கும், பாலாற்றில் மணல் எடுத்த பள்ளங்களுக்கும் போகும். மேலே அமைதியாக இருக்கும். உள்ளே ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குத் தரை இருக்காது. குவாரிக் குட்டையில் பிடித்து ஏறச் சரிவே கிடையாது, செங்குத்துப் பாறை. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் இப்படி மூழ்கிய செய்தி வராத கோடையே இல்லை. நீச்சல் தெரிந்தவனும் காப்பாற்றப் போய்ச் சேர்ந்து மூழ்குகிறான். தோட்டத்து பம்ப்செட் தொட்டியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, இடுப்பளவுத் தண்ணீரில் குளிக்கட்டும். தெரிந்தவர் தோட்டம் ஒன்று கிடைத்தால், அதைவிட நல்ல அருவி எனக்குத் தெரிந்து மே மாதத்தில் இல்லை.

சாப்பாடு கட்டிக்கணுமா, வழியில ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுக்கலாமா?

இரண்டும் வேண்டும். ஏலகிரிக்குப் போகும் வழியிலேயே ஆம்பூரும் வாணியம்பாடியும் வருகின்றன. சீரகச் சம்பாவில் செய்த பிரியாணி, தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய். மதியம் 12 மணியிலிருந்து 1 மணிக்குள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள். பார்சல் வாங்கி வண்டியில் வைத்துச் சாயங்காலம் பிரிக்கும் வேலை மட்டும் வேண்டாம். பூட்டிய வண்டிக்குள் கறி மூன்று மணி நேரம் தாங்காது.

வீட்டிலிருந்து கொண்டுபோவதற்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி. தயிர் சாதம் வேண்டுமென்றால் சாதத்தைப் பால் விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து மூடுங்கள், மதியத்துக்குள் சரியான புளிப்புக்கு வந்து நிற்கும். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா வேண்டாம். இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறது. வழியெல்லாம் நுங்கும் தர்பூசணியும் கிடைக்கும். நுங்கை உங்கள் கண்ணெதிரே சீவச் சொல்லி வாங்குங்கள். கட்டைவிரலை விட்டு நோண்டினால் தண்ணீர் பீறிட வேண்டும், அதுதான் இளசு. வெட்டி வைத்து ஈ மொய்க்கும் பழத்தை எவ்வளவு தாகமாக இருந்தாலும் தொடாதீர்கள்.

வண்டி இல்ல. பஸ்ஸுலயே போயிட்டு வர முடியுமா?

முடியும். கோட்டைக்கும் ஸ்ரீபுரத்துக்கும் நகரப் பேருந்து போதும். ஏலகிரிக்குக் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பது வெயிலுக்கு இதமான வழி. கிளம்பும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

அப்பாவுக்கு 74 வயசு, முட்டி வலி. கைக்குழந்தையும் இருக்கு. எங்களால எங்கேயும் போக முடியாதுதானே?

போகலாம். படி இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கோட்டைக்கோயில் சமதரையில் இருக்கிறது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலும் அப்படித்தான். அந்த ஊர் மதில் அழகு என்று பெயர் வாங்கியது. உள்ளே நிழல் விழுவதை வைத்து மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது, தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்க்க வேண்டிய பொருள். ஸ்ரீபுரம் மட்டும் நடை அதிகம் என்று மேலே சொன்னேன், அதை யோசித்து முடிவு செய்யுங்கள். சோளிங்கர் யோக நரசிம்மரை 1,305 படி ஏறித்தான் பார்க்க முடியும் என்று ஏங்கிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு, 2024இலிருந்து ரோப் கார் ஓடுகிறது. எங்கள் பெரியப்பா 20 வருடம் கழித்து அப்படித்தான் மேலே போய் வந்தார்.

கைக்குழந்தைக்கு மாலை மட்டும்தான். பருத்திச் சட்டை ஒன்று போதும், ஆறு மாதத்துக்குள் என்றால் தாய்ப்பாலே தாகத்துக்கும் போதும், அடிக்கடி கொடுங்கள். ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கூடக் குழந்தையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். பெரியவர்கள் தாகம் எடுக்கவில்லை என்பார்கள், கேட்காமல் அரை மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் கையில் கொடுங்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு.

திடீர்னு இடி மழை வந்துட்டா இன்னா பண்றது?

மே மாதத்தில் கடும் புழுக்கம் இருந்த நாளின் மாலையில்தான் இது வரும். முதலில் புழுதிக் காற்று, பிறகு இடி, அப்புறம்தான் மழை. இடி காதில் விழுந்ததுமே மொட்டை மாடி, ஏரிக்கரை, படகு, ஒற்றை மரத்தடி எல்லாவற்றையும் விட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். மழை நின்ற பிறகு கிளம்பிய திட்டத்தைத் தொடரலாம். கோடை மழைக்குப் பிந்தைய வேலூர் ராத்திரி வருடத்தில் நாலைந்து முறைதான் கிடைக்கும்.

காவலூர்ல நட்சத்திரம் காட்டுவாங்களாமே, உண்மையா?

உண்மைதான். ஜவ்வாதுமலையில், ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். வைணு பாப்பு வானாய்வகம் என்று பெயர், அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தது இங்கேதான். பொதுமக்களைச் சனிக்கிழமை மாலைகளில் அனுமதிப்பது வழக்கம், மேகம் இல்லாவிட்டால் சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வளைவும் காடுமான பாதை என்பதால், திரும்பும்போது ஓட்டுபவர் தூங்கி வழியாமல் இருக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் மொட்டை மாடியே போதும். மாலை 6 மணிக்குத் தளத்தில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், எட்டு மணிக்குப் பாய் விரிக்கலாம். பௌர்ணமியை ஒட்டிய நாளென்றால் நிலாச்சோறு. பெரிய பாத்திரத்தில் குழம்பு சாதத்தைப் பிசைந்து, வட்டமாக உட்கார்ந்தவர்களுக்குக் கையில் உருட்டிக் கொடுத்தால், வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் தாண்டாத பிள்ளை ஏழு உருண்டை தின்னும். நிலா இல்லாத ராத்திரியில் வடக்கே சப்தரிஷி, தலைக்கு மேல் சித்திரையும் சுவாதியும், ஒன்பது மணிக்கு மேல் தென்கிழக்கே விருச்சிகம்.

சித்ரா பௌர்ணமி, கெங்கையம்மன் சிரசு, இந்தக் கூட்டத்துல குழந்தைங்களோட போகலாமா?

வேலூரில் சித்ரா பௌர்ணமி ராத்திரி பூப்பல்லக்குகள் வரும். மல்லியும் ரோஜாவும் கட்டிய பல்லக்கு தெரு முனையில் திரும்புவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். நடுக்கூட்டத்தில் நிற்காமல், பல்லக்கு வரும் தெருவில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையையோ மாடியையோ பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் எண்ணை எழுதிப் போடுங்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் சிரசுத் திருவிழா அதைவிடப் பெரிய கூட்டம், அதுவும் பகலில். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் முந்தின நாள் மாலை போய்க் கடைத்தெருவையும் ராட்டினத்தையும் காட்டிவிட்டுத் திரும்புங்கள்.

ஃபிரண்ட்ஸ் செட்டா போறோம். செலவை எப்படிப் பிரிக்கிறது? ஒருத்தன் மட்டும் எப்பவும் கழண்டுக்கிறான்.

அவன் ஏன் வரவில்லை என்பதை முதலில் யோசியுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஒரு வருடம் முழுக்கத் தலைவலி, விருந்தாளி என்று காரணம் சொன்னான். வேலை போயிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓட்டல் பில்லைச் சமமாகப் பிரிக்கும் பழக்கம்தான் அவனைத் தள்ளி வைத்தது. அதன்பிறகு மாதம் ஒரு மாலை கோட்டை அகழியோரம் என்று மாற்றினோம். பஸ் காசும் வீட்டுச் சாப்பாடும்தான் செலவு. பெரிய பயணம் என்றால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்பவனைக் காரணம் கேட்பதில்லை.

எல்லாரும் ஜாலியா போறோம்கிறாங்க. எனக்கு மட்டும் அது இன்னொரு வேலை நாளா இருக்கே?

இதைக் கேட்டவர் என் அண்ணி. காலை 3 மணிக்கு எழுந்து பதினோரு பேருக்குப் புளியோதரை கிளறி, போன இடத்தில் பரிமாறி, திரும்பி வந்து பாத்திரமும் துலக்கியிருந்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

இப்போது ஒரு வீட்டுக்கு ஒரு பதார்த்தம். ஒருவர் சாதம், ஒருவர் தொட்டுக்கொள்ள, ஒருவர் பழமும் தண்ணீரும், முடியாதவர்கள் கடையில் வாங்கி வரலாம். பரிமாறுவது பிள்ளைகள். பாத்திரம் தேய்ப்பது ஆண்கள், முறை வைத்து. போன மே மாதம் ஏலகிரியில் அண்ணி ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியம்மாவோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி தூக்குகளை வெளிக்குழாயில் வைத்துத் தேய்த்தது அண்ணனும் நானும். இந்த வருடம் முறை தம்பிக்கு, அவனிடம் சித்திரை பிறந்தபோதே சொல்லி வைத்தாயிற்று.